நம்மூர்க் கம்பெனிக்கு விக்கிப்பீடியாவில் ஏன் பக்கம் இல்லை?

நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, செம்பட்டிப் பக்கம் கொஞ்சம் பெரிதாகத் தொழில் செய்கிற குடும்பங்களில் இப்போது ஒரு புது ஆசை முளைத்திருக்கிறது. அப்பா காலத்தில், கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குக் கீழே ‘தொழிலதிபர்’ என்று போட்டுக்கொள்வதோடு ஆசை நின்றது. மகன் காலத்தில், கம்பெனிக்கு விக்கிப்பீடியாவில் ஒரு பக்கம் வேண்டும் என்கிற அளவுக்கு அது வளர்ந்துவிட்டது. கூகுளில் பெயரைத் தட்டினால் பெட்டி கட்டி, லோகோவோடு, தொடங்கிய ஆண்டும் நிறுவனர் பெயரும் வர வேண்டும். சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பார்ட்டி பார்ப்பார். வங்கி மேனேஜர் பார்ப்பார். பெண் வீட்டாரும் பார்ப்பார்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வேறு அங்கிருந்து எடுத்துத்தான் பாதிக் கேள்விகளுக்குப் பதில் சொல்கின்றன. ஆசையில் தப்பில்லை.

பக்கத்தை எழுதுகிற விதத்தில்தான் தப்பு தொடங்குகிறது. மகனே உட்கார்ந்து எழுதுகிறார். இல்லையென்றால் மதுரையிலோ கோவையிலோ டிஜிட்டல் மார்க்கெட்டிங் செய்கிற யாரிடமாவது பணம் கொடுத்து எழுதச் சொல்கிறார். இரண்டொரு நாளில் பக்கம் நீக்கப்பட்டுவிடுகிறது. “முப்பது வருஷமா கம்பெனி நடத்துறோம், ஊர்ல இத்தனை பேருக்கு வேலை குடுக்குறோம். நேத்து ஆரம்பிச்ச பெங்களூர் ஆப்புக்குப் பக்கம் இருக்கு, நமக்கு இல்லையா?” என்று கோபம் வருகிறது. இந்தக் கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது. நியாயமில்லாத பாதியை முதலில் பார்த்துவிடுவோம்.

ஒரு கற்பனைக் கம்பெனியை வைத்துக்கொள்வோம். அதன் பக்கம் ஏறக்குறைய இப்படி இருக்கும்: ‘1992ஆம் ஆண்டு எளிய முறையில் தொடங்கப்பட்ட இந்நிறுவனம், நிறுவனரின் அயராத உழைப்பாலும் தொலைநோக்குப் பார்வையாலும் இன்று தென்னிந்தியாவின் முன்னணி நறுமணப் பொருள் நிறுவனமாகத் திகழ்கிறது. தரத்தில் என்றும் சமரசம் செய்துகொள்ளாத இந்நிறுவனம், வாடிக்கையாளர்களின் பேராதரவையும் பல்வேறு விருதுகளையும் பெற்றுள்ளது.’

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு பேனாவை எடுத்துக்கொண்டு, சரிபார்க்க முடியாத ஒவ்வொன்றையும் அடித்துக்கொண்டே வாருங்கள். முன்னணி என்று யார் அளந்தது? ஆண்டு விற்றுமுதலை வைத்தா, ஏற்றுமதியை வைத்தா? தரத்தில் சமரசம் செய்துகொள்வோம் என்று இதுவரை எந்தக் கம்பெனியாவது சொல்லியிருக்கிறதா? பல்வேறு விருதுகள் என்றால் எவை, எந்த ஆண்டு, கொடுத்தவர் யார்? விண்ணப்பக் கட்டணமும் விருந்துச் செலவும் கட்டினால் ‘சிறந்த தொழில்முனைவோர்’ கேடயம் தரும் அமைப்புகள் நாட்டில் எத்தனை என்பது தொழில் செய்கிறவர்களுக்கே நன்றாகத் தெரியும். எல்லாவற்றையும் அடித்த பிறகு மிஞ்சுவது, 1992இல் தொடங்கிய நறுமணப் பொருள் நிறுவனம் என்ற ஒரே வரி. அந்த ஒரு வரியும் கம்பெனிக்காரர் சொல்லித்தான் நமக்குத் தெரியும்.

கல்யாணத் தரகர் ‘தங்கமான பையன், நல்ல குடும்பம், கை நிறையச் சம்பளம்’ என்கிறார். அவர் சொல்வது பொய்யென்று யாரும் நினைப்பதில்லை. ஆனாலும் அதை மட்டும் கேட்டுக்கொண்டு யாரும் பாக்கு வெற்றிலை மாற்றுவதில்லை. பையனின் ஊருக்குப் போய், சம்பந்தமில்லாத நாலு பேரிடம் விசாரிக்கிறார்கள். கலைக்களஞ்சியம் கேட்பதும் அந்த நாலு பேரைத்தான்.

தமிழ் விக்கிப்பீடியர்கள் இதைக் ‘குறிப்பிடத்தக்கமை’ என்கிறார்கள். நிறுவனங்களைப் பொறுத்தவரை ஆங்கில விக்கிப்பீடியாவின் அளவுகோல் கடுமையானது. 2018இல் அதை இன்னும் இறுக்கினார்கள். கம்பெனியோடு தொடர்பில்லாத, நம்பத்தக்க, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் அந்தக் கம்பெனியைப் பற்றி விரிவாக யாராவது எழுதியிருக்க வேண்டும். கம்பெனி அனுப்பிய செய்திக் குறிப்பை அப்படியே போட்டது கணக்கில் வராது. நிறுவனர் தந்த பேட்டியில் அவரே சொன்னது வராது. புதுக் கிளை திறந்தது, முதலீடு கிடைத்தது, இன்னாரை இயக்குநராக நியமித்தது போன்ற வழக்கமான துணுக்குகளும் வராது. எத்தனை ஆண்டு ஓடியது, எத்தனை பேருக்கு வேலை கொடுத்தது என்பதை யாரும் பார்ப்பதில்லை. மற்றவர்கள் உட்கார்ந்து எழுதும் அளவுக்கு அந்த நிறுவனத்தில் ஏதாவது இருந்ததா, எழுதினார்களா என்பதே கேள்வி.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கேட்பவர்கள் ஐஐபிஎம் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ‘ஐஐஎம்களைத் தாண்டி யோசியுங்கள்’ என்று நாளிதழ்களில் முழுப் பக்க விளம்பரம் கொடுத்த மேலாண்மைக் கல்வி நிறுவனம் அது. அதன் தலைவர் அரிந்தம் சௌத்ரியைப் பற்றி 2011இல் விமர்சனக் கட்டுரை வெளியிட்ட கேரவன் இதழ் மீது 50 கோடி ரூபாய் கேட்டு அசாமின் சில்சாரில் வழக்குப் போட்டார்கள். 2013இல் நீதிமன்ற ஆணை ஒன்றின் பேரில் அந்நிறுவனத்தை விமர்சித்த 73 இணைய முகவரிகள் முடக்கப்பட்டன. பல்கலைக்கழக மானியக் குழுவின் எச்சரிக்கை அறிவிப்பும் அந்தப் பட்டியலில் அகப்பட்டுக்கொண்டது. அதே காலத்தில் ஆங்கில விக்கிப்பீடியாவில், நிர்வாகி அதிகாரம் பெற்ற புனைபெயர்க் கணக்கு ஒன்று, ஐஐபிஎம் பக்கத்திலிருந்து விமர்சனங்களை நீக்குவதையும் புகழுரைகளைச் சேர்ப்பதையும் ஆண்டுக்கணக்கில் பொறுமையாகச் செய்துவந்தது. 2014 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம், எம்பிஏ, பிபிஏ போன்ற சொற்களை அந்நிறுவனம் பயன்படுத்தத் தடை விதித்தது. விக்கிப்பீடியாவின் நடுவர் குழு அந்தக் கணக்கின் அதிகாரத்தைப் பறித்துத் தடை செய்தபோது 2015 பிப்ரவரி ஆகிவிட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனை அப்பாக்கள் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு நிலத்தை அடமானம் வைத்துப் பிள்ளைக்குக் கட்டணம் கட்டினார்களோ! முழுப் பக்க விளம்பரத்தை விளம்பரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். கலைக்களஞ்சியத்தை அப்படி நினைத்திருக்க மாட்டார்கள். விளம்பர நடை அங்கே நுழைவதில் உள்ள ஆபத்து இதுதான்.

சிறு தொழில்காரர்களை நேரடியாகக் குறிவைத்த மோசடியும் உண்டு. 2015 ஆகஸ்ட் கடைசியில் ஆங்கில விக்கிப்பீடியா 381 கணக்குகளை ஒரேயடியாக முடக்கி, அவை உருவாக்கிய 200க்கும் மேற்பட்ட கட்டுரைகளை நீக்கியது. குறிப்பிடத்தக்கமை போதவில்லை, விளம்பர நடை என்று ஏற்கெனவே நிராகரிக்கப்பட்ட வரைவுகளை அந்தக் கும்பல் தேடிப் பிடிக்கும். அந்தக் கம்பெனிக்காரரைத் தொடர்புகொண்டு, ‘பணம் கொடுங்கள், பக்கத்தை ஏற்றித் தருகிறோம்’ என்று சொல்லும். ஏற்றிய பிறகு, பக்கம் நீக்கப்படாமல் பார்த்துக்கொள்ள மாதாமாதம் காசு கேட்கும். ஊரில் மாமூல் வசூலிப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பணம் வாங்கிக்கொண்டு எழுதுகிறவர் அதை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும் என்று விக்கிமீடியா அறக்கட்டளை அதற்கு முந்தைய ஆண்டே, 2014 ஜூனில், பயன்பாட்டு விதிகளில் சேர்த்திருந்தது. சொல்லாமல் எழுதித் தருகிறவரிடம் காசு கொடுத்தால் விதிமீறலில் நமக்கும் பங்கு வந்துவிடும். ‘பக்கம் இருந்தால் கூகுளில் உங்கள் வெப்சைட் மேலே வரும்’ என்று அவர்கள் சொல்வதும் அரைகுறைப் பேச்சு. விக்கிப்பீடியாவிலிருந்து வெளியே போகும் இணைப்புகளைத் தேடுபொறிகள் கணக்கில் எடுக்க வேண்டாம் என்ற குறிப்பு 2007 முதலே அவற்றோடு சேர்த்து வைக்கப்படுகிறது.

நம் திண்டுக்கல் மாவட்டத்திலேயே விரிவாக எழுதப்பட்ட ஒரு தொழிற்சாலை இருக்கிறது. கோடை ரோடு ஸ்டேஷனில் இறங்கி, நிலக்கோட்டை, வத்தலக்குண்டு வழியாக மலையேறிப் போனால் கொடைக்கானலில் பாம்பார் சோலையை ஒட்டி இருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை அது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் இயங்கியதைப் பெயர்த்துக்கொண்டுவந்து, பாண்ட்ஸ் நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் இங்கே நிறுவியது. 1987இல் அது யூனிலீவர் வசம் வந்தது. 2001 மார்ச்சில், மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய இரும்புக் கடையில், பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு 7.4 டன் கிடந்ததை ஊர் மக்களும் கிரீன்பீஸ் அமைப்பினரும் கண்டுபிடித்துப் போராடினார்கள். ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. உடல்நலம் கெட்டதாக முன்னாள் தொழிலாளர்கள் நீதிமன்றம் போனார்கள். ஆலை வேலையால் தொழிலாளர்களின் உடல்நலம் கெடவில்லை என்றே நிறுவனம் சொல்லிவந்தது. 2015இல் சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரப் இதைப் பற்றிப் பாடிய ராப் பாட்டு உலகம் முழுக்கப் பரவியது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. மண்ணில் எவ்வளவு பாதரசம் மிஞ்சலாம் என்ற வாதம் அதன் பிறகும் ஓயவில்லை.

இந்த விவகாரத்துக்கு விக்கிப்பீடியாவில் தனிப் பக்கமே உண்டு. அதை நிறுவனமும் எழுதவில்லை. போராடியவர்களின் துண்டறிக்கையும் அல்ல அது. நாளிதழ்கள், அரசுக் குழுக்கள், நீதிமன்ற ஆவணங்கள், ஆய்வுகள், நிறுவனத்தின் மறுப்பு என எல்லாம் வெளியே பதிவாகிக் கிடந்ததால் எழுத முடிந்தது. நிறுவனத்தின் மறுப்பையும் அங்கே எழுதித்தான் ஆக வேண்டும். ‘கொடூர நிறுவனம்’ என்று எழுதினால் அதையும் அடிப்பார்கள். ‘முன்னணி நிறுவனம்’ என்பதை அடிக்கிற அதே பேனா அது. பக்கம் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் இதையும் கணக்கில் வைக்க வேண்டும். நாளைக்கு ஆலைக் கழிவு வாய்க்காலில் கலந்து அது செய்தியானால், அந்த வரியும் பக்கத்தில் ஏறும். உங்கள் பெயரில் இருந்தாலும் அது உங்கள் பக்கம் அல்ல. ஏஎன்ஐ செய்தி நிறுவனம் தன்னைப் பற்றிய பக்கத்தில் இருந்த வரிகள் அவதூறு என்று சொல்லி, 2024 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் 2 கோடி ரூபாய் கேட்டு வழக்குப் போட்டது. வழக்குப் போட்ட செய்தியே தனிக் கட்டுரையாகி, அதை நீக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது.

இனி, கோபத்தின் நியாயமான பாதி.

நிலக்கோட்டை என்றால் பூ மார்க்கெட். மல்லிகை, முல்லை, பிச்சி, கனகாம்பரம், சம்பங்கி, செண்டு, கோழிக்கொண்டை என்று விடியும் முன்பே மூட்டைகள் இறங்குகின்றன. இந்த வியாபாரத்தைப் பற்றி நம் நாளிதழ்களில் வருகிற செய்தி இரண்டே வகை. முகூர்த்தமோ பொங்கலோ வந்தால் ‘மல்லிகை விலை கிடுகிடு உயர்வு’. வரத்து கூடினால் ‘பூ விலை வீழ்ச்சி: விவசாயிகள் கவலை’. விலையைச் சொல்வார்கள், ஒரு கமிஷன் கடைக்காரர் வருத்தமாகவோ மகிழ்ச்சியாகவோ ஒரு வரி சொல்வார், முடிந்தது. அடுத்த ஆண்டும் அதே செய்தி, விலை மட்டும் வேறு.

விலை விழுகிற நாளில் அந்தப் பூவை யார் எடுக்கிறார்கள்? ஊரில் ‘சென்ட் கம்பெனி’ என்று சொல்கிற வாசனைப் பொருள் ஆலைகள். காலையில் வரும் மொட்டை அவர்கள் உடனே கலனில் போட்டுவிடுவதில்லை. பரப்பி வைத்து, இரவில் அது மலர்ந்து மணம் விடும்வரை காத்திருக்கிறார்கள். பிறகு ஹெக்சேன் கரைப்பானில் மணத்தை இறக்குகிறார்கள். நூற்றுக்கணக்கான கிலோ பூவுக்கு ஒரு கிலோதான் மெழுகு போன்ற ‘கான்க்ரீட்’ தேறும். அதை ஆல்கஹாலில் கழுவி எடுக்கிற ‘அப்சல்யூட்’ பிரான்ஸ் வரைக்கும் போகிறது. உலகத்தின் விலையுயர்ந்த சென்ட் பாட்டில்களுக்குள் நம்மூர்ப் பூ இருக்கிறது என்று பெருமை பேசுகிறோம். இந்த ஆலைகள் இங்கே எப்போது வந்தன, முதலில் தொடங்கியது யார், விவசாயிக்கு என்ன விலை கொடுத்தார்கள், அந்த விலையை யார் நிர்ணயிக்கிறார்கள், பெண் தொழிலாளர்களுக்குக் கூலி என்ன, கரைப்பானை எப்படிக் கையாள்கிறார்கள் என்று ஒரு வரலாறாக யாராவது எழுதியிருக்கிறார்களா? சிப்காட் தொழிற்பேட்டை வளாகத்தில் ஆலைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றைப் பற்றி வெளியே கிடைப்பதெல்லாம் அவர்களே போட்ட வெப்சைட்டும் ஆள்தேவை விளம்பரமும்தான்.

பெங்களூர் ஆப்பைப் பற்றி எழுத வணிக நாளிதழ்களும் தொழில்நுட்ப இதழ்களும் தினமும் உட்கார்ந்திருக்கின்றன. அதில் பாதி தூக்கிப்பிடிக்கும் எழுத்துத்தான். இருந்தாலும் மீதியில் கணக்கைத் தோண்டுகிறவர்களும் இருக்கிறார்கள். நிலக்கோட்டைக்கு அந்த நாலு பேர் இல்லை. விக்கிப்பீடியர் யாராவது நல்ல மனதோடு எழுத உட்கார்ந்தாலும் கையைப் பிசைந்துகொண்டு எழுந்திருக்க வேண்டியதுதான். தானே போய் விசாரித்து எழுதுவது அங்கே விதிக்குப் புறம்பு. பிறர் எழுதியதைத்தான் தொகுக்கலாம்.

பொருளுக்குப் பதிவு இருக்கிறது, கம்பெனிக்குத்தான் இல்லை என்பது கவனிக்க வேண்டிய விஷயம். மதுரை மல்லிக்கு 2013இலும் திண்டுக்கல் பூட்டுக்கு 2019இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்காகப் போட்ட விண்ணப்பங்களில் தொழிலின் வரலாறும் செய்முறையும் ஆவணமாகின. திண்டுக்கல் புகையிலையும் சுருட்டும் டபிள்யூ. பிரான்சிஸ் 1906இல் எழுதிய மதுரை மாவட்ட கெசட்டியரிலேயே இடம்பிடித்துவிட்டன. நூறாண்டுக்கு முந்தைய சுருட்டைப் பற்றி நம்பி எழுத ஆதாரம் கிடைக்கிறது. இன்று ஓடுகிற ஆலையைப் பற்றிக் கிடைக்கவில்லை. சர்ச்சில் வாயில் வைத்தது நம்மூர்ச் சுருட்டுதான் என்ற கதை மட்டும் கேட்காமலே கிடைக்கும். உறையூர்க்காரர்களும் அதே சர்ச்சிலைத் தங்கள் பக்கம் இழுக்கிறார்கள். ‘சான்று தேவை’ என்று போட வேண்டிய இடம் அது. கம்பெனி என்ற அளவில் விதிவிலக்காகத் தலப்பாக்கட்டி பிரியாணியைச் சொல்லலாம். 1957இல் நாகசாமி நாயுடு திண்டுக்கல்லில் ஆனந்த விலாஸ் என்ற பெயரில் தொடங்கிய கடை அது. தலைப்பாகைப் பெயருக்கு யார் உரிமையாளர் என்ற சண்டை சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. நாளிதழ்கள் எழுதின. ருசியை விட்டுத்தள்ளுங்கள், அது அவரவர் நாக்கு. பெயர்ச் சண்டை பற்றிய தீர்ப்பு இருக்கிறதே, அது கடைக்காரர் சொன்னது இல்லை.

இப்படிப் பதிவு இல்லாமல் போன குற்றத்தில் பெரிய பங்கு பத்திரிகைத் துறையுடையது என்று பத்திரிகையிலேயே எழுத வேண்டியிருக்கிறது. நகைக்கடை திறந்தால் நாலு பக்கச் சிறப்பிதழ். அதற்குள் ‘வாடிக்கையாளர்களின் பேராதரவு’. விளம்பரம் எங்கே முடிகிறது, செய்தி எங்கே தொடங்குகிறது என்று தெரியாதபடி அச்சடித்து அச்சடித்து, தொழிலைப் பற்றி எழுதுவது என்றாலே அந்த நடைதான் என்று ஒரு தலைமுறைக்குப் பழக்கிவிட்டோம். விக்கிப்பீடியாவில் ‘திகழ்கிறது’ என்று எழுதுகிற பையன் ஏமாற்ற நினைத்து எழுதவில்லை. அவன் படித்து வளர்ந்த நடை அது. காசுக்குச் செய்தி போடும் வழக்கம் பற்றி இந்தியப் பத்திரிகை மன்றமே 2010இல் அறிக்கை தந்தது. இந்திய ஊடகங்களில் வரும் நிறுவனச் செய்திகளை, காசு கொடுத்துப் போட்டதா என்று பார்த்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஆங்கில விக்கிப்பீடியா தன் எழுத்தாளர்களுக்கு எழுதியே வைத்திருக்கிறது. நமக்கு இது தலைக்குனிவு. அதனால் நேர்மையாக எழுதிய உள்ளூர் நிருபரின் கட்டுரையும் சந்தேகக் கண்ணோடு பார்க்கப்படுகிறது.

அளவுகோலைத் தளர்த்தி, சின்ன ஊர்க் கம்பெனிகளுக்குச் சலுகை கொடுக்கலாமே என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 2003இல் தொடங்கி 2017இல் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டிய தமிழ் விக்கிப்பீடியாவைச் சம்பளமில்லாத தன்னார்வலர்கள்தான் காத்துவருகிறார்கள். கதவைக் கொஞ்சம் திறந்தாலும் முதலில் உள்ளே வருவது நிலக்கோட்டை ஆலையாக இருக்காது; சென்னையிலிருந்து மொத்தமாகப் பக்கம் போட்டுத் தரும் விளம்பர ஏஜென்சியாகத்தான் இருக்கும்.

செய்ய வேண்டிய வேலை அங்கே இல்லை, இங்கே இருக்கிறது. நிலக்கோட்டையில் அரசு மகளிர் கலைக் கல்லூரி இருக்கிறது. பக்கத்திலேயே காந்திகிராமப் பல்கலைக்கழகம். ஆண்டுதோறும் எத்தனையோ மாணவர்கள் ‘வாடிக்கையாளர் மனநிறைவு’ பற்றிக் கேள்வித்தாள் நிரப்பி ஆய்வேடு கொடுக்கிறார்கள். அதில் ஒருவர் சென்ட் ஆலைகளின் வரலாற்றை, ஒருவர் கமிஷன் கடைகளின் கணக்கு முறையை, ஒருவர் சிப்காட்டுக்கு நிலம் போன கதையை எடுக்கலாம். துறைகள் அதை நூலாகவோ ஆய்விதழ்க் கட்டுரையாகவோ அச்சிடலாம். நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்கள், பூ விலையோடு மாதம் ஒரு தொழிலின் கதையையும் போடலாம், முதலாளியின் பணம் வாங்காமல், தொழிலாளியையும் விவசாயியையும் கேட்டு. ஆலைக்காரர்களும் நிருபருக்குக் கதவைத் திறக்க வேண்டும். ‘நல்லதா எழுதுங்க சார்’ என்ற நிபந்தனை போடாமல் திறக்க வேண்டும். இப்படிப் பத்து ஆண்டு பதிவு சேர்ந்தால் பக்கத்தை யாராவது தானாகவே எழுதுவார்கள்.

அதுவரை, ஏற்கெனவே பக்கம் இருந்து அதில் பிழை இருந்தால், கம்பெனிக்காரர்கள் கட்டுரையில் கை வைக்காமல், அதன் பேச்சுப் பக்கத்தில் தாங்கள் யார் என்று சொல்லி, ஆதாரத்தைக் கொடுத்துத் திருத்தக் கேட்கலாம். அதற்கு வழி உண்டு. விக்கிப்பீடியாவில் பக்கம் வைக்க யாருக்கும் கட்டணம் கிடையாது. ‘இத்தனை ஆயிரம் கொடுங்கள், நிச்சயம் ஏற்றித் தருகிறோம்’ என்று மெயிலோ போனோ வந்தால், தயவுசெய்து பணம் கொடுக்காதீர்கள்.